உடம்பு மேடைக்கு வரவும்

எல்லாச் சுரப்பிகளுக்கும் கதிரை போட்டு முடிந்த பிறகுதான் உடம்பு இல்லை என்பது தெரியவந்தது.

அதுவரை யாருக்கும் அந்த நினைவு வரவில்லை. வைத்தியசாலையின் ஓமோன் விழிப்புணர்வு விழாவுக்காக மாரி தொடங்கும் முன்பிருந்தே கூட்டங்கள் நடந்திருந்தன. எந்தச் சுரப்பியாக யார் மேடையில் அமர்வது என்பதைக் கலந்துரையாடினார்கள். கலந்துரையாடினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கபச்சுரப்பிதான் தலைமைச் சுரப்பி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. ஆகவே பணிப்பாளர் வீரகத்தி அதை யாரும் கேட்கும் முன்பே எடுத்துக்கொண்டார். தைரொயிட் கழுத்தில் இருப்பது, கழுத்தில் காட்டுவதற்கு ஏதாவது உள்ளவர்தான் அதற்குப் பொருத்தம் என்று நிர்வாக உத்தியோகத்தர் விமலேஸ்வரி சொன்னார். சொல்லும்போது அட்டியலைச் சரிசெய்தார். கணக்காளர் அதிரீனலைச் சண்டைபிடித்து வாங்கினார். அது சிறுநீரகத்தின் உச்சியில் குந்தியிருப்பது என்று பிறகு யாரோ சொல்ல, சில நாட்கள் ஒருவருடனும் கதைக்காமல் திரிந்தார். கூம்புச் சுரப்பி இருட்டில் வேலை செய்வது என்பதால் இரவுக் காவலாளிக்குக் கொடுக்கப்பட்டது. கணையம் என்றும் சொல்லப்படும் சதையியை யாரும் கேட்காததால், அது மருந்தாளர் கிருபனின் தலையில் விழுந்தது. சூலகத்தையும் விதையையும் ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. அவை தவிர்க்க முடியாத காரணங்களால் சமூகமளிக்கவில்லை என்று அறிவிப்பதாக ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

மிஞ்சியது பரிவகக்கீழ். அது என்னவென்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாததால், இளைப்பாறிய பிரதிப் பணிப்பாளர் ஜனார்த்தனனுக்கு அதைக் கொடுத்தார்கள். சேவைக்காலம் முழுவதும் வீரகத்திக்குக் கீழேயே இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வீட்டுக்குப் போய்க் கைபேசியில் தேடிப் பார்த்தார். கபச்சுரப்பிக்குக் கட்டளையிடுவதே பரிவகக்கீழ்தான் என்று அதில் இருந்தது. அன்று முதல் அவருடைய நடை மாறிவிட்டது.

விழா நடந்த நாள் தைரொயிட் கிளினிக் நாள். தர்மபுரத்திலிருந்து இரண்டாவது பஸ்ஸில் தனுஷா வந்து இறங்கியபோது, நோயாளர்கள் இருக்கும் வாங்குகளுக்கு மேலே பந்தல் போட்டிருந்தது. கிளினிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விழா நிறைவடைந்த பின்னர் கிளினிக்கும் பாமசியும் இயங்கும் என்று அதில் எழுதியிருந்தது.

தனுஷா நாள்தோறும் விழுங்கும் தைரொயிட் குளிசை முடிந்துவிட்டது. வெள்ளத்தில் வீதி மூடிக் கிடந்ததால் போன கிளினிக்குக்கு வர முடியவில்லை. இப்போது வயிற்றில் பிள்ளை. கடைசியாக வந்திருந்தபோது கிளினிக் டொக்டர் அம்மா அவளுடைய கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவள் மறக்கவில்லை.

"உம்மட தைரொயிட் களைச்சுப் போச்சு. பிள்ளைக்கு இன்னும் சொந்தமா ஒண்டு வேலை செய்யத் தொடங்கேல்ல. இப்ப ரெண்டு பேருக்கும் இந்தக் குளிசைதான் தைரொயிட். ஒரு நாளும் விடக்கூடாது, விளங்குதோ?"

நேற்றுக் காலை விட்டாயிற்று. இன்று காலையும்.

பாமசியின் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. மருந்தாளர் கிருபனைக் காணவில்லை. வாங்கில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்த அழகம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அழகம்மா தர்மபுரத்தில் அவளுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவள், இன்சுலின் போடுகிற சீனி வருத்தக்காரி.

"என்னா புள்ள, பூட்டயே பாத்துக்கிட்டு நிக்கிற? அது பாத்தா தொறக்குமா?"

"கிருபன் அண்ணை எங்க அக்கா?"

"அந்தா மேடயில. அவரு இன்னைக்கு மருந்துக்காரரு இல்லயாம். சதையியாம்."

தனுஷா மேடையைப் பார்த்தாள். அங்கே சுரப்பிகளின் உருவங்கள் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையிலும் பஞ்சிலும் செய்து வைக்கப்பட்டிருந்தன. கபச்சுரப்பி பலாப்பழம் அளவுக்கு இருந்தது. உண்மையில் அது ஒரு பட்டாணி அளவுதான் என்று அறிவிப்பாளர் பிரஷாந்தினி முதல் ஒத்திகையில் வாசித்தபோது, "பட்டாணி எண்டு ஆர் சொன்னது? என்னை அளந்து பாத்தவையோ?" என்று பணிப்பாளர் கேட்டிருந்தார். அதன் பிறகு அது ஒவ்வொரு ஒத்திகைக்கும் வளர்ந்துகொண்டே வந்தது. அதைச் சுமக்க வேண்டிய மூளை, பக்கத்தில் ஒரு தேசிக்காய்போல் சிறுத்து இருந்தது.

ஆனால் தனுஷாவின் கண் போனது தைரொயிட்டிடம். இளஞ்சிவப்புப் பஞ்சில், இரண்டு சிறகுகளை விரித்த வண்ணத்துப்பூச்சிபோல் அதைச் செய்திருந்தார்கள். உள்ளே சிறு மின்குமிழ் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கென்று ஒரு பட்டுத் துணி, அதற்கென்று ஒரு மல்லிகை மாலை, வெயில் படாமல் அதற்கென்று ஒரு குடை. இவ்வளவு கவனமாகப் பார்க்கப்படும் ஒரு தைரொயிட்டை அவள் கண்டதில்லை. தன் கழுத்தில் கிடப்பதை நினைத்தாள். இருட்டில், மாலை இல்லாமல், சம்பளம் இல்லாத வேலையாள்போல் படுத்துக் கிடக்கிற ஒன்று. ஒரு பஞ்சுத் துண்டின் மேல் தனக்குப் பொறாமை வருவதை உணர்ந்து, வெட்கப்பட்டு, வேறு பக்கம் பார்த்தாள். அங்கே விமலேஸ்வரியின் கழுத்து இருந்தது. வழவழப்பான, பொன் பூட்டிய, ஒரு நாளும் குளிசை கேட்டிராத கழுத்து. பொறாமை அங்கேயும் போய் இருந்துகொண்டது.

அப்போதுதான் பிரஷாந்தினி மேடைப் படிகளில் ஓடி வந்தாள்.

"ஐயோ சேர், கடைசிக் காட்சியில எல்லாச் சுரப்பியும் உடம்புக்குக் குடுக்கோணும். உடம்பு ஆர்?"

பணிப்பாளர் சுற்றிப் பார்த்தார். மேடையில் இருந்த எவரும் உடம்பாக இருக்க விரும்பவில்லை. உடம்புக்கு உரை கிடையாது, பொன்னாடை கிடையாது, அழைப்பிதழில் பெயரும் கிடையாது.

"கீழ எத்தினை உடம்பு இருக்குது," என்றார் பணிப்பாளர். "ஒண்டைக் கூப்பிடும்."

பிரஷாந்தினியின் கண்ணில் முதலில் பட்டது, பூட்டைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்ற தனுஷாதான்.

"அக்கா, கொஞ்சம் மேடைக்கு வாங்கோவன். சும்மா இருந்தாக் காணும். ஒரே ஒரு சொல்லுத்தான் சொல்லோணும்."

"எனக்குக் குளிசை எடுக்கோணும் தங்கச்சி."

"மேடையில தைரொயிட் உங்களுக்குக் குடுக்கும் அக்கா. அதுதானே காட்சி!"

இது தனுஷாவுக்கு நல்ல செய்தியாகப் பட்டது. வரிசையில் நிற்காமல், மேடையில் வைத்தே மருந்து தரும் முறை புதிதாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஏறினாள். உடம்புக்குக் கதிரை இல்லாததால் குசினியிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து, மெத்தைக் கதிரைகளுக்கு முன்னால், வெயில் படுகிற இடத்தில் வைத்தார்கள்.

மங்கள விளக்கில் ஐந்து திரி இருந்தது. சுரப்பிகள் அதைவிடக் கூட. முதல் திரியைக் கபச்சுரப்பி ஏற்றுவதாக இருந்தது. பிரஷாந்தினி பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே ஜனார்த்தனன் மெழுகுதிரியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நான் சொன்னாத்தான் கபச்சுரப்பி அசையும்," என்றார். "இது நான் சொல்லேல்ல, விஞ்ஞானம் சொல்லுது."

"இளைப்பாறின பிறகுமோ?" என்றார் வீரகத்தி.

இரண்டு பேரும் ஒரே மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு ஒரே திரியை ஏற்றினார்கள். காற்று வந்து அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். யாருடைய கை மேலே இருந்தது என்பதைப் புகைப்படக்காரரிடம் இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். இதற்கிடையில் அதிரீனல் இரண்டு திரிகளை ஏற்றிவிட்டார். உடம்பில் அதிரீனல் இரண்டு இருப்பதாகவும், தான் ஒருவரே இரண்டுக்கும் பொறுப்பாக இருப்பதாகவும் விளக்கம் கொடுத்தார்.

பிறகு உரைகள் தொடங்கின.

"கபச்சுரப்பியாகிய நான்," என்றார் பணிப்பாளர், "எந்தச் சுரப்பியையும் பாரபட்சமாக நடத்தியதில்லை என்பதை இவ்விடத்தில் கூறிக்கொள்ள விரும்புகிறேன். எனக்குப் பிடிக்காத சுரப்பிகளைக்கூட வேலை செய்ய அனுமதித்திருக்கிறேன். தூர இடங்களுக்கு அனுப்பப்பட்ட சுரப்பிகள் இதற்குச் சாட்சி."

தைரொயிட் எழுந்தது. "தைரொயிட் சுரக்காவிட்டால் உடம்பு சோர்ந்துபோகும், குளிரும், தலைமயிர் கொட்டும், எந்த வேலையும் மெதுவாகவே நடக்கும். நான் லீவில் நின்ற காலங்களில் இந்த அலுவலகத்தில் இவை எல்லாம் நடந்திருக்கின்றன. நான் வேலைக்கு வந்த பிறகும் நடந்தன. அது மற்றவர்களின் பொறாமையால்."

அதிரீனல் சொன்னது: "ஆபத்து வரும்போது எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்புக்குச் சொல்வது நாங்கள்தான். கணக்காய்வுக் குழு இங்கே வந்த ஒவ்வொரு முறையும் நான் இரண்டாவதையே தெரிவுசெய்திருக்கிறேன். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்."

பரிவகக்கீழின் முறை வந்தபோது ஜனார்த்தனன் வீரகத்தியைச் சுட்டிக் காட்டினார். "எனக்கு மேலே அவர் என்று நினைத்தே நான் இளைப்பாறினேன். உண்மை அப்போதே தெரிந்திருந்தால் இளைப்பாறியிருக்கவே மாட்டேன்."

கூம்புச் சுரப்பி நித்திரையாகியிருந்தது. அது தன் கடமையைச் செய்வதாகப் பிரஷாந்தினி அறிவித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். மற்றச் சுரப்பிகள் அந்தக் கைதட்டலை விரும்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

வரிசையின் கடைசிக் கதிரையில், எவருடைய பெயர் சொல்லப்பட்டாலும் எழும்பப் பார்த்து எழும்பப் பார்த்து இருந்துகொண்டிருந்தார் கிருபன். அவருக்கு உரை கொடுக்கவில்லை. சதையிக்கு ஒரு சிறு காட்சி மட்டும் தருவதாகச் சொல்லி, நேரமில்லை என்று அன்று காலை அதையும் வெட்டிவிட்டார்கள். உடம்பு இனிப்புச் சாப்பிட்டு இரத்தத்தில் சீனி ஏறியதும், சதையி இன்சுலின் என்கிற திறப்பைக் கொண்டுவந்து உயிர்க்கலங்களின் கதவைத் திறந்து சீனியை உள்ளே விடும் காட்சி அது. அட்டையில் ஒரு திறப்புச் செய்து தரும்படி கிருபன் கேட்டிருந்தார். அட்டை முழுவதும் கபச்சுரப்பிக்குப் போய்விட்டது. ஆகவே பாமசியின் திறப்பையே பொன்னிறத் தாளில் சுற்றி, ஒரு தட்டில் வைத்து, மடியில் வைத்திருந்தார்.

தனுஷா அந்தத் தட்டைக் கண்டாள். தாளுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வளையத்தையும் கண்டாள். பாமசித் திறப்பின் வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். இதிலும் இருந்தது.

கடைசிக் காட்சி தொடங்கியது. பரிவகக்கீழ் கபச்சுரப்பியின் காதில் கட்டளை சொல்ல வேண்டும். கபச்சுரப்பி தைரொயிட்டைப் பார்த்து "சுரப்பாயாக" என்று உரத்துச் சொல்ல வேண்டும். தைரொயிட் உடம்புக்கு ஒரு பொதி கொடுக்க வேண்டும். உடம்பு போதும் என்ற பொருளில் "காணும்" என்று சொன்னதும் கபச்சுரப்பி அடங்க வேண்டும். ஜனார்த்தனன் காதருகே போனபோது வீரகத்தி தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்குத் தானாவே தோன்றினது," என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு, "சுரப்பாயாக!" என்றார்.

விமலேஸ்வரி எழுந்து வந்து, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தனுஷாவின் கையில் ஒரு பொதியை வைத்தார். தனுஷா அங்கேயே அதைப் பிரித்தாள். உள்ளே ரொபி மிட்டாய்கள் இருந்தன.

"காணும் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்று பிரஷாந்தினி பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

தனுஷா ரொபியைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள்.

"காணாது," என்றாள்.

ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது பந்தல் முழுவதும் கேட்டது.

"காணும் எண்டு சொல்லுங்கோ!"

"காணாதே தங்கச்சி. இது ரொபி. எனக்குத் தைரொக்சின் குளிசை வேணும். நேற்றும் போடேல்ல, இண்டைக்கும் போடேல்ல. வயித்தில பிள்ளை."

காணாது என்று உடம்பு சொன்னால் கபச்சுரப்பி இன்னும் உரத்துக் கத்தும். உண்மையான உடம்பிலும் அப்படித்தான். தைரொயிட் சோர்ந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தால் தெரிவதும் அந்தக் கத்தல்தான். பணிப்பாளருக்கு இது தெரியாது. ஆனாலும் மறுபடி பேசச் சந்தர்ப்பம் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் விஞ்ஞானப்படியே நடந்துகொண்டார்.

"சுரப்பாயாக! சுரப்பாயாக எண்டு எத்தினை தரம் சொல்லுறது? இந்தத் தைரொயிட் ஏன் சுரக்குதில்லை? பொதுமக்கள் முன்னால என்னை அவமானப்படுத்தவோ?"

"சேர், என்னோட கத்தி என்ன வரப்போகுது?" விமலேஸ்வரியின் சிரிப்புப் போய்விட்டது. "உள்ளது ரொபிதான். குளிசை பாமசியில. திறப்பு சதையியின்ர மடியில."

"கத்துனா சொரக்குமாங்க?" என்று கீழிருந்து அழகம்மா கேட்டாள். "கதவத் தொறங்க!"

பணிப்பாளர் கடைசிக் கதிரையைப் பார்த்துத் திரும்பினார். "கிருபன், போய்த் திறவும்."

கிருபன் எழுந்தார். பல மாதக் கூட்டங்களில் அவர் வாய் திறந்ததில்லை.

"மன்னிக்கோணும் சேர். சதையி கபச்சுரப்பிக்குக் கீழ இல்ல."

"என்ன?"

"நான் வாசிச்சுப் பாத்தனான். தைரொயிட் உங்கட சொல்லுக்கு ஆடும். அதிரீனலும் உங்கட சொல்லுக்கு ஆடும். சதையிக்கு உங்கட கட்டளை செல்லாது. எனக்குச் சீனி ஏறினாத்தான் வேலை. அந்தக் காட்சியைத்தான் நீங்கள் வெட்டிப் போட்டியள்." தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி இருந்தார். "சீனி ஏறாமல் நான் எழும்பமாட்டன்."

எல்லாச் சுரப்பிகளும் சதையியைப் பார்த்தன. பணிப்பாளரின் கட்டளை செல்லாத ஒரு பதவி இந்த வைத்தியசாலையில் இருந்தும், அதைத் தாம் கேட்காமல் விட்டுவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல் அந்தப் பார்வையில் இருந்தது.

தனுஷா ஸ்டூலில் இருந்து எழும்பினாள். கையில் இருந்த ரொபியை உரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். ஒரு ரொபிக்கு ஒரு சுரப்பி எழும்புமோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மேடை ஓரத்து மேசையில், பின்னல் துணியால் மூடி, பணிப்பாளர் வெட்டுவதற்காக ஒரு ஐசிங் கேக் இருந்தது. அவள் துணியை விலக்கினாள். கபச்சுரப்பி என்று நீல எழுத்தில் எழுதியிருந்த இடத்தில் கையாலேயே ஒரு பெரிய துண்டைப் பிய்த்தாள்.

"பிள்ளை! அது இன்னும் வெட்டேல்ல!" என்று பணிப்பாளர் கத்தினார்.

தனுஷா சாப்பிட்டாள். எல்லாருக்கும் தெரியும்படி கிருபனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். இன்னொரு துண்டு பிய்த்தாள்.

கிருபனின் முகம் விடிந்தது. அவ்வளவு காலமும் அவரை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

"சீனி ஏறுது!" என்று எழுந்தார். தட்டிலிருந்த திறப்பை எடுத்து உயர்த்திப் பிடித்தார். பாடமாக்கி வைத்திருந்த வசனம் முழுவதும் அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தது. "நான் சதையி! இதோ என் கையில் இன்சுலின் என்னும் திறப்பு! இது இல்லாவிட்டால், சீனி வீதியில் நிற்கும், கலங்கள் வீட்டுக்குள் பட்டினி கிடக்கும்! கதவுகளைத் திறக்க வந்தேன்!" பிறகு சுற்றிப் பார்த்து, குரல் இறங்கி, "கதவு செய்யேல்லையே," என்றார்.

"கதவு அங்கால இருக்கு அண்ணை," என்றாள் தனுஷா. "வாங்கோ, நான் காட்டுறன்."

அவள் முன்னால் போனாள். திறப்பை உயர்த்திப் பிடித்தபடியே சதையி பின்னால் போனது. வாங்குகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி அவர்களுக்குப் பின்னால் போனார்கள். பந்தலுக்குள் கதிரைகளும் சுரப்பிகளும் மட்டும் மிஞ்சின. பணிப்பாளர் பேச்சை நிறுத்தவில்லை. போதும் என்று சொல்ல வேண்டிய உடம்பு எழும்பிப் போய்விட்டபடியால் அவரை நிறுத்த ஒரு வழியும் இருக்கவில்லை.

பூட்டுத் திறந்தது. கிருபன் உள்ளே போய், யன்னலுக்குப் பின்னால் நின்று, "சொல்லுங்கோ தங்கச்சி, என்ன மருந்து?" என்று கேட்டார். குரலில் இன்னும் மேடை இருந்தது.

"தைரொக்சின்."

அவருடைய கை பாதி வழியில் நின்றது. "இங்கயும் அதுவோ," என்றார். "விமலேஸ்வரி மிஸ்ஸின்ர சாமானோ."

"அண்ணை, பிள்ளைக்கு."

அவர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்தது உண்மை, சந்தோசமாகக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. "நாளைக்கு விடிய வெறும் வயித்தில போடுங்கோ. பிறகு அரை மணித்தியாலமாவது ஒண்டும் சாப்பிடக்கூடாது, கேக்கும்தான்," என்றார். "இந்த விழா இண்டைக்கு முடியாது, அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் வந்து டொக்டருக்கு விட்டதைச் சொல்லுங்கோ."

அடுத்ததாக அழகம்மா வந்து இன்சுலின் கேட்டாள். கிருபன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அந்தச் சிறு போத்தலை இரண்டு கையாலும் ஏந்தி, பொன்னாடை போர்த்துகிறவரைப்போல் குனிந்து கொடுத்தார்.

"இத்தன காலமும் எறிஞ்சுதானேங்க குடுப்பீங்க," என்றாள் அழகம்மா.

வெளியே வரும் வழியில் தனுஷா மேடைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பஞ்சுத் தைரொயிட் பட்டுத் துணியிலிருந்து விழுந்து, மாலையோடு, அதிரீனலின் கதிரைக் காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. உள்ளே மின்குமிழ் இன்னும் எரிந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. சற்று முன் அதன்மேல் பட்ட பொறாமையை அவள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

பஸ் தரிப்பிடம் வைத்தியசாலை மதிலுக்கு வெளியேதான். தனுஷாவும் அழகம்மாவும் அங்கே நின்றபோது ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. தங்கள் உரைகளுக்குக் கிடைக்காத வரவேற்பு, ஒரு சொல் மட்டும் பேசிய உடம்புக்குக் கிடைத்தது எப்படி என்று விமலேஸ்வரி கேட்டார். பரிவகக்கீழுக்கும் மேலே உடம்பு இருப்பதை ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்று ஜனார்த்தனன் முறையிட்டார். அடுத்த ஆண்டு உடம்பாகத் தானே அமரப்போவதாக அதிரீனல் அறிவித்தது. அந்தப் பதவி ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டதாகவும், அடுத்த ஆண்டின் உடம்பு தான்தான் என்றும், ஸ்டூலுக்குப் பதிலாகச் சிங்காசனம் செய்விக்கப்படும் என்றும் பணிப்பாளர் அறிவித்தார்.

பஸ் வந்தது. இருவரும் ஏறி யன்னலோரம் இருந்தார்கள். தனுஷா குளிசை சுற்றிய கடதாசிச் சரையைக் கைப்பைக்குள் வைக்காமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"நினைவுச் சின்னம் வழங்குவதற்காக," பிரஷாந்தினியின் களைத்த குரல் மதிலுக்கு மேலால் வந்தது, "உடம்பு எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்."

"ஒன்னயத்தான் கூப்புடுறாங்க புள்ள," என்றாள் அழகம்மா.

"கூப்பிடட்டும் அக்கா. பிள்ளைக்குப் பசிக்குது, கெதியா வீட்டை போவம்."

பஸ் வெளிக்கிட்டு, வயல் வெளி தொடங்கி, காற்று யன்னலில் அடிக்கிற வரைக்கும் அந்தக் குரல் பின்னால் வந்துகொண்டே இருந்தது. சுரப்பிகள் எல்லாம் தத்தம் ஆசனங்களில் அமர்ந்திருப்பதாகவும், உடம்பு வந்தவுடன் விழா தொடரும் என்றும் அது சொன்னது.